குடவாசல் வரப்பும் ஒரு மேக்ரோ லென்ஸும்

பூச்சிகளைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் யார் என்னிடம் வந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான். வால்பாறைக்கும் கொல்லிமலைக்கும் பிறகு போய்க்கொள்ளலாம், முதலில் குடவாசலுக்கு வாருங்கள். மார்கழியில் வாருங்கள். பொழுது விடியுமுன் வாருங்கள். சம்பாக் கதிர் பால்பிடித்து நிற்கிற நாட்களில், பனியில் நனைந்த வரப்பில் குப்புறப் படுத்து, கதிர்களின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அதற்குப் பிறகு உங்களை அங்கிருந்து கிளப்ப யாராலும் முடியாது!

மலையும் காடும் இல்லாத ஊரில் என்ன பூச்சி கிடைத்துவிடும் என்று கேட்கிறார்கள். மலை இல்லாததுதான் இந்த ஊரின் முதல் பெருமை. கிழக்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். சூரியன் எழும்போது அதன் முதல் வெளிச்சத்தை மறைக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. அந்த வெளிச்சம் தரையோடு தரையாகப் படர்ந்து வந்து நெல் தாள்களின் பக்கவாட்டில் விழுகிறது. உச்சியிலிருந்து விழும் வெயில் பூச்சியின் முதுகை மட்டும்தான் காட்டும். பக்கத்திலிருந்து வரும் இந்த வெளிச்சமோ அதன் முகத்தைக் காட்டும், காலிலுள்ள முட்களைக் காட்டும், இறகின் ஒவ்வொரு நரம்பையும் எடுத்துக் காட்டும். மலையடிவாரத்தில் வெயில் எட்டிப் பார்ப்பதற்குள் பூச்சி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு பறந்தே போயிருக்கும். இங்கே வெளிச்சமும் தூக்கம் கலையாத பூச்சியும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. அந்த முக்கால் மணி நேரத்துக்கு ஈடாக எதையும் நான் சொல்ல மாட்டேன்.

கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் நடுவில் இருக்கிற ஊர். கோணேசுவரர் கோயிலைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். கோச்செங்கட் சோழன் கட்டிய மாடக்கோயில்களில் ஒன்று என்று சொல்வார்கள். நான் சாமி கும்பிட்ட கையோடு வயல் பக்கம் நடையைக் கட்டுகிற ஆள். சோழசூடாமணி ஆறு, அதிலிருந்து பிரியும் வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயலுக்குத் திறக்கும் மடை, குளம், குட்டை, கோரை மண்டிய பள்ளம் என்று திரும்பிய பக்கமெல்லாம் தண்ணீர். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள். தண்ணீர் இங்கே வந்து சேர்ந்ததும் குறுவை, பிறகு சம்பா, தாளடி, தை அறுவடை, அறுத்த தாளுக்குள்ளேயே உளுந்து பயறு என்று ஆண்டு முழுக்க ஏதோ ஒரு பச்சை நின்றுகொண்டே இருக்கும். அந்தப் பச்சையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூச்சிக் கூட்டம் உண்டு. அதனால் இந்த வயல்களில் எனக்குப் படமெடுக்க ஒன்றும் இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது.

ஊசித்தட்டானிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு வெளிச்சத்தையும் கட்டமைப்பையும் கற்றுக் கொடுத்ததே அதுதான். தட்டான்களில் மெலிந்த சாதி, உட்காரும்போது இறகைச் சேர்த்து மடக்கிக்கொள்ளும். அதில் ஒரு மஞ்சள் இனம் இங்கே வாய்க்கால் கரைப் புல்லில் எங்கும் உண்டு. ஆணின் வால் பகுதி எலுமிச்சை மஞ்சள், மார்பு ஆலிவ் பச்சை. விடியற்காலையில் அது ஒரு புல்லைக் கட்டிக்கொண்டு தூங்கும். உடம்பெல்லாம் பனித்துளி, கண்ணின் மேலும் பனித்துளி. நீங்கள் கேமராவோடு நெருங்கினால் பறக்காது. குளிரில் அதனால் பறக்க முடியாது. அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்யும் பாருங்கள்! மெதுவாகப் புல்லைச் சுற்றி நகர்ந்து மறுபக்கம் போய் ஒளிந்துகொள்ளும். உடம்பு முழுக்கப் புல்லுக்குப் பின்னால் மறைந்துவிடும், ஆனால் தலை புல்லைவிட அகலம். ஆகவே புல்லின் இடப்பக்கம் ஒரு கண், வலப்பக்கம் ஒரு கண், இரண்டும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு பச்சைக் கோடு, இருபுறமும் இரண்டு கண்கள். எந்த ஓவியரும் இதைவிட நல்ல கட்டமைப்பைப் போட்டுத் தர முடியாது. அது பக்கவாட்டில் தெரிய வேண்டுமா? புல்லுக்கு அந்தப்பக்கம் உங்கள் ஒரு விரலை மெல்ல நீட்டுங்கள். விரலுக்குப் பயந்து இந்தப்பக்கம் திரும்பி வரும். இந்த ஒரு வித்தைக்காகவே நான் மணிக்கணக்கில் வாய்க்கால் கரையில் கிடந்திருக்கிறேன்.

இந்த மஞ்சள் ஊசித்தட்டானுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான் கிறிஸ்டியன் ஃபேப்ரிசியஸ், ஆண்டு 1798. பெயரிலேயே நம் சோழமண்டலக் கரை இருக்கிறது: செரியாக்ரியான் கோரமண்டலியானம். (தமிழ் அகராதி தொகுத்த பாதிரியார் ஃபேப்ரிசியஸ் வேறு, இவர் வேறு.) இங்கிருந்து நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற தரங்கம்பாடி அன்று டேனியர் கையில் இருந்தது. லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-ல் மருத்துவராக அங்கே வந்து, செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவருக்குப் பின் வந்த டால்டார்ஃப் என்பவரும் அனுப்பினார். நம் பக்கத்து வயல்களில் இன்றும் பறக்கிற எத்தனையோ பூச்சிகளின் பெயருக்குப் பின்னால் ஃபேப்ரிசியஸின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது அப்படித்தான். ஆறு புள்ளிப் பொறிவண்டுக்கு 1781, வாய்க்கால் தட்டானுக்கு 1793, நெல் வயலில் மேயும் ஆரஞ்சுப் பொறிவண்டுக்கு 1798. பூச்சியியலின் தொடக்க ஏடுகளில் இடம் பிடித்த உயிர்கள் நம் மடைக்குப் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சரி, வெளிச்சத்துக்கு வருகிறேன். பூச்சிப் படத்தில் பாதிக்கு மேல் அதுதான்.

கேமராவுக்குள் இருக்கிற மீட்டருக்கு உலகம் முழுக்க ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம். எதைக் காட்டினாலும் அதை அந்தச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். இளம் நெல் பச்சை கிட்டத்தட்ட அந்த நடுத்தரம்தான், அதனால் நாற்று வளர்ந்த வயலில் மீட்டர் சொல்வதை நம்பலாம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், நட்ட புதிதில். அப்போது வயல் முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்க வானம். அந்த வெளுப்பைப் பார்த்துவிட்டு கேமரா எல்லாவற்றையும் இருட்டாக்கும்; தண்ணீர் அழகாக வரும், பூச்சி கறுத்துப் போகும். அங்கே ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரு மடங்காகும் அளவுக்கு, கூட்டிவைக்க வேண்டும். செம்பருத்தித் தண்டில் அப்பியிருக்கிற வெள்ளை மாவுப்பூச்சிக்கும் அப்படியே, கூட்டித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் அழுக்குச் சாம்பலாகத் தெரியும்.

எருக்கம்பூவுக்கு வரும் கருவண்டு இதற்கு நேர் எதிர். ஆற்றங்கரை எருக்குகளில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் ரீங்காரம் கேட்கும். கருப்பு உடம்பு, வெயிலில் நீலமும் ஊதாவும் மின்னுகிற இறகு, அடியில் வெளிர் ஊதாப் பூ. மீட்டர் அந்தக் கருப்பைப் பார்த்துப் பதறி வெளிச்சத்தைக் கூட்டும். கூட்டினால் பூ வெளிறிவிடும், இறகின் மினுக்கம் வெள்ளைத் திட்டாகிவிடும். நான் முக்கால் ஸ்டாப் குறைத்து எடுக்கிறேன். கருப்பு கருப்பாகவே இருக்கட்டும். அதன் மேல் ஓடுகிற அந்த நீலக் கோடுதான் வண்டின் உருவத்தைச் சொல்கிறது, அதைக் காப்பாற்றினால் போதும்.

மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். படத்தின் இருட்டும் வெளிச்சமும் பரவியிருப்பதைக் காட்டும் மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் வசதி இப்போது பல கேமராக்களில் இருக்கிறது. மஞ்சள் ஊசித்தட்டானையும் ஆரஞ்சுப் பொறிவண்டையும் எடுக்கும்போது சிவப்பு மட்டும் தனியாக வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டிருக்கும். முட்டினால் அந்த மஞ்சளுக்குள் இருக்கிற நெளிவு, வளையம், மெல்லிய ரோமம் எல்லாம் ஒரே பூச்சாகிவிடும். சிவப்பு முட்டாத அளவுக்குக் குறையுங்கள். பொறிவண்டின் முதுகு வளைந்து இறங்குவது படத்தில் அப்போதுதான் தெரியும்.

எதிர்வெளிச்சத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்; இங்கே தட்டான் தோல் கழற்றுவதை மட்டும் சொல்கிறேன். தட்டானின் இளம்பருவம் தண்ணீருக்குள் கழிகிறது என்பது பலருக்குத் தெரியாது. வளர்ந்து முடிந்ததும் அது நெல் தாளில் ஏறி, தண்ணீருக்கு மேலே வந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். முதுகு வெடிக்கும். உள்ளிருந்து தலையும் மார்பும் பிதுங்கி வெளியே வரும். கால்கள் கெட்டியாகும்வரை தலைகீழாகத் தொங்கும். பிறகு ஒரே எம்பில் மேலே வந்து, தான் கழற்றிப்போட்ட தோலையே பிடித்துக்கொண்டு இறகை விரிக்க ஆரம்பிக்கும். முதலில் அந்த இறகு கசங்கிய பால் நிறத் துணி. கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் ரத்தம் ஏறி நிமிர்ந்து, பால் நிறம் போய்க் கண்ணாடியாகும். அந்த நேரத்தில் சூரியன் அதற்குப் பின்னால் இருக்கும்படி படுத்துக்கொண்டு பாருங்கள்! இறகு முழுக்க முத்துச்சிப்பியின் உட்புறத்து நிறங்கள் ஓடும். இங்கே ஒரு ஸ்டாப்பிலிருந்து ஒன்றேகால் ஸ்டாப் வரை கூட்டி எடுக்கிறேன். பின்னால் இருக்கிற வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், எனக்கு இறகுதான் வேண்டும்.

நெல் குத்தின் அடித்தூர் இன்னொரு உலகம். தண்ணீருக்கு நாலு விரல் மேலே, எப்போதும் இருட்டு, எப்போதும் ஈரம். புகையான் அங்கேதான் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். அதன் முட்டைகளைத் தேடிக் குடிக்கிற மிரிட் நாவாய்ப்பூச்சியும் அங்கேதான் திரியும். பச்சையும் கருப்புமாக, மூன்று மில்லிமீட்டர் நீளம். இந்த இருட்டுக்குள் ஃபிளாஷ் இல்லாமல் வேலை நடக்காது. ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது ஒரு சென்டிமீட்டர் பூச்சி சென்சாரிலும் ஒரு சென்டிமீட்டராக விழும் அளவில் எடுக்கும்போது, லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் கால் பங்காகிவிடும். எஃப் 11 என்று வைத்தால் அது நடைமுறையில் எஃப் 22. ஃபிளாஷை நேராக அடித்தாலோ பூச்சியின் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் கரி இருட்டு. அதற்குத்தான் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர்.

நான் டிஃப்யூசருக்குக் காசு செலவழிக்கவில்லை. கடைத்தெருவில் கிடைக்கிற பேக்கிங் ஃபோம் தாள், வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, கொஞ்சம் அலுமினியத் தாள், ரப்பர் பேண்ட், இவ்வளவுதான். முக்கியமானது பொருள் இல்லை, அளவும் நெருக்கமும். ஒரு சாண் அகலமுள்ள தாளைப் பூச்சிக்கு நாலைந்து விரற்கடை தூரத்தில் கொண்டுவந்தால், அந்தப் பூச்சிக்கு அது வானம் முழுவதும் அடைத்து நிற்கிற பெரிய வெளிச்சம். கல்யாணப் பந்தலுக்குக் கீழே விழுகிற வெளிச்சம்போல நிழலின் ஓரம் எல்லாம் கரைந்துவிடும். தாவும் சிலந்தியின் முன்கண்களில் முதலில் ஊசிமுனைப் பொட்டாகத் தெரிந்த ஃபிளாஷ், டிஃப்யூசருக்குப் பிறகு வளைந்த மெல்லிய சாளரமாகத் தெரியும். அந்தக் கணத்தில் சிலந்திக்கு உயிர் வந்துவிடும்! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த மகிழ்ச்சி குறைவதே இல்லை.

ஃபிளாஷ் வைத்தால் பின்னணி கருப்பாகிவிடுகிறது என்று வருத்தப்படுகிறவர்களுக்கு: ஃபிளாஷின் வெளிச்சம் பூச்சியைத் தாண்டியதும் தேய்ந்துவிடுகிறது, அதனால்தான். ஐஎஸ்ஓவை 400, 800 என்று ஏற்றி, ஷட்டரை 160-ல் ஒரு பங்கு, 100-ல் ஒரு பங்கு என்று கொஞ்சம் தளர்த்தி, வயலின் வெளிச்சத்தையும் உள்ளே விடுங்கள். பின்னணிக்கு வயல் வெளிச்சம், பூச்சிக்கு ஃபிளாஷ். இரண்டும் சமமாகக் கலக்கும்போது யாரும் பார்த்து ஃபிளாஷ் அடித்த படம் என்று சொல்ல முடியாது. காவிரிப் படுகையின் காற்றுக்கும் ஃபிளாஷ்தான் மருந்து. கதிர் ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் ஃபிளாஷை 16-ல் ஒரு பங்கு சக்தியில் அடித்தால் அது மின்னி மறைவது ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடி. அந்த நேரத்துக்குள் எந்தக் கதிரும் அசைய முடியாது.

இப்போது கட்டமைப்பு. எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் விட மாட்டேன்: முதலில் பின்னணியைப் பாருங்கள், அப்புறம் பூச்சியைப் பாருங்கள். பூச்சிக்கு நாலு விரல் பின்னால் இன்னொரு தாள் இருந்தால் அது குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுப் படத்தைக் கெடுக்கும். அதுவே ஒரு கெஜம் தள்ளி இருந்தால் கரைந்து ஒரே பச்சை மெழுகாகும். வரப்பின் அருமை இங்கேதான் தெரியும். வரப்போரத்துத் தாளில் உட்கார்ந்திருக்கும் பூச்சியை வயலின் நீளத்தைப் பார்த்து எடுங்கள், பின்னால் எந்த இடையூறும் கிடையாது. தலையை நாலு விரல் இடம் மாற்றினால் பின்னணி பச்சையிலிருந்து தண்ணீரில் விழுந்த நீலத்துக்கு மாறும். இன்னும் நாலு விரல் இறக்கினால் விளைந்த பக்கத்து வயலின் பொன்னிறம். ஒரே பூச்சி, ஒரே இடம், மூன்று படம்.

பயிரின் உயரமும் படத்தை மாற்றும். குறுவைக்குப் போடுகிற ஆடுதுறை 43 குட்டை ரகம். அதில் பூச்சியின் கண் மட்டத்துக்கு வர உடம்பை மண்ணோடு மண்ணாக ஒட்ட வேண்டும். (1922-ல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கிருந்து அதிகத் தூரமில்லை.) மாப்பிள்ளைச் சம்பா போட்ட வயல் என்றால் முழங்காலிட்டாலே போதும், ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும். வளைந்த கதிரில் ஒரு தட்டான் உட்கார்ந்தால் அந்த வளைவே படத்துக்குச் சட்டம் கட்டிவிடும்.

கண் மட்டம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று அளவில், எஃப் 11 வைத்தாலும், என்னுடைய சிறிய சென்சார் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த ஒரு மில்லிமீட்டரை எங்கே செலவழிப்பது என்பதுதான் முழு வித்தை. கண்ணில் செலவழியுங்கள். மேலே நின்று எடுத்தால் முதுகில் போய்விடும். பக்கவாட்டுப் படம் என்றால், லென்ஸின் முகமும் பூச்சியின் உடம்பும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அப்போது தலை முதல் வால்நுனி வரை அந்த ஒரே மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, மூச்சை அடக்கி, உடம்பை முன்னும் பின்னும் இம்மியளவு ஆட்டிக் கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். ஒரு மூங்கில் கழியைத் தரையில் ஊன்றி இடது கையால் அதையும் லென்ஸையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் நடுக்கம் அடங்கும்.

சட்டத்துக்குள் எதை விடுவது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. உணர்கொம்பை வெட்டக் கூடாது. கதிர்நாவாய்ப் பூச்சியை எடுத்துப் பாருங்கள்: மெலிந்து நீண்ட உடம்பு, கிட்டத்தட்ட அதே நீளத்துக்கு உணர்கொம்பு. உடம்பை மட்டும் பார்த்துச் சட்டம் கட்டினால் கொம்பு போய்விடும். தள்ளி வந்து அதற்கு இடம் விடுங்கள், பால்பிடித்த மணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த மணிக்குள் இறங்கியிருக்கும் ஊசி வாயைக் கூர்மையாக்குங்கள். நீள்தாடைச் சிலந்தி இன்னொரு அதிசயம். ஆபத்து என்றால் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டி, நெல் இலையோடு ஒரு கோடாகப் படுத்துவிடும். அதைச் சட்டத்தின் மூலைக்கு மூலை சாய்வாக வைத்துப் பாருங்கள். பார்க்கிறவர் முதலில் இலையைப் பார்ப்பார், பிறகுதான் இலைக்குக் கண் இருப்பதைக் கண்டுபிடிப்பார்.

கதிர்நாவாயை எடுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் வரப்பு வெட்ட வந்த பெரியவர் மண்வெட்டியோடு நின்றார். "என்ன தம்பி, எதையாச்சும் தவற விட்டுட்டீங்களா? நானும் தேடட்டுமா?" என்றார். எழுந்து திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அட, நம்ம நாவாப்பூச்சி! இத்தன வருசமா நாத்தத்தத்தான் பாத்திருக்கேன், மூஞ்சியப் பாத்ததில்ல தம்பி" என்றார். பிறகு மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவரே முன்னால் நடந்தார். எந்த மடையில் தட்டான் தோல் கழற்றும், எந்தக் குத்தில் புகையான் பிடித்திருக்கிறது, எங்கே சிலந்தி முட்டைக்கூட்டைச் சுமந்து திரிகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு காட்டியதில்லை. "சிலந்தி இருக்கற வயலுக்கு மருந்து வேணாம் தம்பி, அது பாத்துக்கும்" என்று அவர் சொன்னது அனுபவத்தில் விளைந்த பேச்சு. அறிவியலும் அதையேதான் சொல்கிறது. 1970-களில் ஆசிய நெல் வயல்களில் புகையான் பெருகியபோது, பூச்சிமருந்து முதலில் கொன்றது சிலந்தியையும் மிரிட் நாவாயையும்தான். எதிரி இல்லாத வயலில் புகையான் பல மடங்கு பெருகியது. ஒரு மேக்ரோ படம் இதை ஒரே பார்வையில் காட்டிவிடும்: பச்சைத் தத்துப்பூச்சியைக் கவ்விக்கொண்டிருக்கும் ஓநாய்ச் சிலந்தி, பின்னால் நெல். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஒவ்வொரு உழவர் வீட்டுத் திண்ணையிலும் மாட்ட வேண்டும் என்பது என் ஆசை.

அதனால்தான் உயிரோடு, அதன் இடத்திலேயே எடுக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்வது, பசை போட்டு ஒட்டுவது, இதெல்லாம் எனக்கு ஆகவே ஆகாது. மார்கழிக் குளிரே அதை அசையாமல் உட்கார வைக்கிறதே, வேறென்ன வேண்டும்? பிறத்தியார் வயலில் ஒரு தாளும் மிதிபடக் கூடாது; வரப்போடு நின்றுகொள்ள வேண்டும். கண்ணாடிவிரியன் நடமாடும் இடம், ஆகவே படுக்குமுன் கழியால் புல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். காலில் முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இருட்டில் இறங்கவே கூடாது.

படக்கருவி பெரிதாக வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. மா. கிருஷ்ணன், 1912-ல் பிறந்து 1996 வரை வாழ்ந்த நம் இயற்கையியல் முன்னோடி, வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு கருப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். வெளிச்சத்தை அளக்கத் தெரிந்தவருக்கு எந்தப் பெட்டியும் போதும். பழைய 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி மாட்டினாலே பொறிவண்டு சட்டத்தில் பெரிதாக விழும். எக்ஸ்டென்ஷன் டியூப் உண்டு, ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்கிற முன்கண்ணாடி உண்டு. இப்போதைய கைப்பேசிகளின் மேக்ரோவும் பட்டப்பகலில் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கைப்பேசியோடு வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் தொடங்கலாம். எலுமிச்சை அழகியின் புழு அங்கேயே இருக்கும். சின்ன வயதில் பறவை எச்சமாக வேடம் போடும், வளர்ந்ததும் பச்சையாகும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி ஒரு வாடையை விடும். அந்தக் கொம்பு வெளியே நிற்பது சில நொடிகள்தான். விரலைத் தயாராக வைத்திருக்கிற பிள்ளைக்குக் கிடைக்கும்.

அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற கதிருக்குள் உளுந்தை விதைத்துவிடுவார்கள். தையில் நெல் போனதும் தாளுக்கு நடுவில் அது தலைதூக்கும், மாசியில் மஞ்சளாகப் பூக்கும். பூ வந்ததும் நீலன் வகை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட வந்துவிடும். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இறகு. பின்னிறகின் ஓரத்தில் இரண்டு கரும்பொட்டு, அதையொட்டி நூலிழையாக ஒரு வால். உட்கார்ந்ததும் பின்னிறகை மேலும் கீழும் தேய்க்கும், வால் கொம்பாக ஆடும், பொட்டு கண்ணாகத் தெரியும். கொத்த வருகிற பறவைக்குத் தலை எது வால் எது என்று குழம்பிவிடும். இதைப் படமாக்குவது எனக்குப் பெரிய சவால்: பொய்த் தலைக்கும் மெய்த் தலைக்கும் சமமான கூர்மை கிடைக்க லென்ஸை இறகுக்குச் சரியாக இணையாக வைக்க வேண்டும், அந்த வால் அசைவது தெரிய ஷட்டரைத் தளர்த்தவும் வேண்டும், அதே நேரம் சாம்பல் இறகு வெளுத்துப்போகாமல் வெயிலையும் கட்டுப்படுத்த வேண்டும். ஃபிளாஷை மிக மெலிதாக்கி, 30-ல் ஒரு பங்கு ஷட்டரில் வால் நுனியை மட்டும் கலங்க விட்டுப் பார்க்கலாம் என்று திட்டம் வைத்திருக்கிறேன். எதிர்க்கரையில் இந்த முறை உளுந்து நன்றாகவே முளைத்திருக்கிறது. மாசி பிறந்ததும் அங்கேதான் இருப்பேன்.